‘பகல்’ என்று ஒட்டியிருந்த வரிசை

“இன்னும் பதினாறு நிமிஷம், புள்ள!” என்று முன்னறையிலிருந்து கத்தினான் டூகல். கத்திய கையோடு இருமினான்.

அவன் மனைவி செங்கா சமையலறையில் இருந்தாள். அடுப்பின் நான்கு தட்டுகளிலும் பாத்திரம் இருந்தது. ஒன்றில் கிழங்கு, ஒன்றில் கொத்துக்கறி, ஒன்றில் பருப்பு சூப், ஒன்றில் வெந்நீர். மூலையில் சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பப் பார்த்தது. அவள் அதை இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டே கறியைக் கிளறினாள்.

மலிவு மின்சாரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வரும். காலை ஏழரைக்குப் போய்விடும். ஆறு வருடமாக அந்த வீட்டில் சமையல், சலவை, இஸ்திரி, குளியல் எல்லாம் அந்த ஏழு மணி நேரத்துக்குள்தான். கிரீனக் ஊரில் அந்நேரத்துக்கு அவர்களைத் தவிர விழித்திருந்தவர்கள் ரொட்டிச்சாலைக்காரர்களும் போலீஸ்காரர்களும். அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

முன்னறை ஹீட்டரும் அந்நேரத்து ஜீவன்தான். அதன் வயிற்றுக்குள் செங்கல் அடுக்கியிருக்கும். இரவெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டுப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மதியத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆள் வேண்டிய மாலை நேரத்தில் வெறும் மேசையாகிவிடும்.

“நாலு நிமிஷம்!”

டூகல் நேரம் பார்ப்பது கப்பல் பட்டறை கொடுத்த கடிகாரத்தில். முப்பது வருடம் அங்கே வெல்டராக இருந்தான். பட்டறையை மூடிய அன்று ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இனிமேல் நேரத்துக்கு எங்கும் போக வேண்டியதில்லை என்று ஆன பிறகு. நுரையீரலில் சேர்ந்ததை அவன் இனாமாகவே கொண்டுவந்திருந்தான்.

ஏழரை அடித்தது. செங்கா அடுப்பை அணைத்தாள். மூன்று பிளாஸ்க்கில் வெந்நீரை ஊற்றி அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறக் கிளம்பினாள்.

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை ஃபர்கர்சன் வந்தார். அவர் வீட்டு வாரியத்தின் ‘வெப்ப நல்வாழ்வு மற்றும் மின்பயன்பாட்டு நடத்தை ஆலோசகர்’. கழுத்தில் தொங்கிய அட்டையில் இதை இரண்டு வரியாக அச்சடித்தும் கடைசி எழுத்து விளிம்பில் தொங்கியது. மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“உங்க பில்லைப் பாத்தேன். நூறு யூனிட்ல தொண்ணூறுக்கு மேல பகல்ல ஓடுது. ராத்திரி மலிவா குடுக்கிறோம், நீங்க பகல்ல செலவழிக்கிறீங்க.”

“பகல்லயா? நாங்க பகல்ல டீ கூடப் போடுறதில்லைங்க” என்றாள் செங்கா.

ஃபர்கர்சன் டூகலைப் பார்த்துச் சிரித்தார். “பகல்ல வீட்ல இருக்கிறது யாரு? நான் யாரையும் குத்தம் சொல்லலை. குத்தம்ங்கிற வார்த்தையே எங்க துறையில கிடையாது. நாங்க நடத்தைன்னுதான் சொல்வோம்.”

“எங்கப்பாவும் பெல்ட்டைக் கழட்டுறப்ப அதைத்தான் சொல்வாரு” என்றான் டூகல்.

ஃபர்கர்சன் அதைக் கைக்கணினியில் குறித்துக்கொண்டார். போகும்போது சுவரில் ஒரு வெப்பமானி அட்டையை மாட்டிவிட்டு, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொடுத்தார். கழுத்தில் துண்டு சுற்றிய பென்குவின். கீழே, ‘என் வெப்பம் என் கையில்.’

கதவு சாத்தியதும் செங்கா திரும்பினாள்.

“யோவ், நெசத்தைச் சொல்லு. நான் போனப்புறம் அந்தக் காத்தடிக்கிற ஹீட்டரைப் போடுறியா?”

“இல்ல புள்ள.”

“ஒரு நா கூடவா?”

டூகல் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் யோசித்திருக்கக் கூடாது. “போன பிப்ரவரியில ஒரு நா. பனி கொட்டுச்சே, அன்னைக்கு. பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துக்கா இந்த பில்லு?”

அன்று மாலை அவள் அந்தச் சின்ன ஹீட்டரின் பிளக்கைப் பழுப்பு டேப்பால் சுற்றி, டேப்பின் ஓரத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் கம்பிவலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருக்கும். பிறகு கையெழுத்தைப் பார்ப்பாள். அவளுடையதுதான். டூகல் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜனவரி பில்லும் பழைய மாதிரியே வந்தது.

“என் கையெழுத்தப் போடக் கத்துக்கிட்டியோ?” என்றாள்.

 அதற்குப் பிறகு டூகல் பகலில் விளக்கும் போடுவதில்லை. பட்டறைத் தொப்பியும் மேல்கோட்டும் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் எங்கே நகர்கிறதோ அங்கே நாற்காலியை நகர்த்திக்கொண்டான். மூன்றாவது பிளாஸ்க்கைத் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

பதினெட்டாம் தேதி அவள் திரும்பி வந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரி வார்டு கதகதவென்றிருந்தது. ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி யாரோ நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டூகலுக்கு அரைக்கை கவுன் மாட்டி உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு அப்புறம் செங்கா அவன் கையை முழங்கை வரைக்கும் பார்த்தாள். அது இவ்வளவு மெலிந்தது அவளுக்குத் தெரியாது.

ஆனாலும் அவள் மனசுக்குள் பில் உட்கார்ந்திருந்தது. இப்போது வீட்டில் பகலில் ஆளில்லை. இப்போது மீட்டரைப் பார்த்து எழுதி, ‘பாத்தியா, நீ இல்லேன்னா ஓடலை’ என்று அவன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். காட்டிவிட்டு மன்னித்துவிடலாம் என்றும் வைத்திருந்தாள்.

மீட்டர் வாசல் அலமாரிக்குள் இருந்தது. இரண்டு வரிசை எண்கள். மேலே ‘பகல்’, கீழே ‘இரவு’ என்று ஸ்டிக்கர். ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பெனி ஆள் மீட்டர் மாற்றியபோது ஒட்டியது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஒரு கவரின் பின்பக்கம் இரண்டையும் எழுதினாள். வேலை முடிந்து, ஆஸ்பத்திரி போய்விட்டு, மாலை ஏழு மணிக்குக் கோட்டோடு குனிந்து பார்த்தாள்.

‘பகல்’ வரிசை ஒரு இலக்கம்கூட நகரவில்லை.

“பாத்தியா” என்றாள், அலமாரியிடம். அவளுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்தாள். ‘இரவு’ ஒன்று கூடியிருந்ததை எழுதினாள், ஆனால் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, நேற்றைக் கூட்டிச் சரிபார்க்க மறுபடி திறந்தாள். ஹீட்டர் இரவெல்லாம் செங்கலைச் சுட்டிருந்தது. ‘இரவு’ அப்படியே நின்றது. ‘பகல்’ இருபத்தாறு ஏறியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்று பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு பஸ் வரவில்லை என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

“ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்கான். ராத்திரி ஓடுனதுக்கெல்லாம் பகல் காசு போட்டிருக்கான்.”

டூகல் மெதுவாக வாயிலிருந்து ஆக்ஸிஜன் முகமூடியை இறக்கினான். “அப்ப நான் போடலை.”

“போடலை.”

“போடலைன்னுதானே சொன்னேன்.”

“சொன்ன.”

கொஞ்ச நேரம் இருவரும் எதிர்க் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“புள்ள, அப்படின்னா ராத்திரிக் காசு பகலுக்குத்தானே விழுந்திருக்கும்?”

“ஆமா.”

“அப்ப நான் பகல்ல அந்த ஹீட்டரைப் போட்டிருந்தா…”

“மலிவா இருந்திருக்கும்” என்றாள் செங்கா.

டூகலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடி வந்து திரையை இழுத்தாள்.

கம்பெனி ஆள் அடுத்த வாரம் வந்தான். ஏதோ கருவியை வைத்துப் பார்த்தான், கட்டைவிரல் நகத்தால் இரண்டு ஸ்டிக்கரையும் உரித்தான், இடம் மாற்றி ஒட்டினான். ஒன்று சரியாக ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினான்.

“சின்ன விஷயம்தாம்மா. மாத்தி ஒட்டிட்டாங்க.”

“ஆறு வருஷம்ப்பா.”

“நல்ல பசைதான்” என்றான் அவன்.

பிறகு கடிதம் வந்தது. தவறு தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து திருத்தம் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய அளவுகள் வாடிக்கையாளர் வீட்டு மீட்டரில் இருந்தபடியே எடுக்கப்பட்டவை. நல்லெண்ணத்தின் அடையாளமாக இருபத்தைந்து பவுண்டு. பழைய பில் பாக்கிக்கான மாதத் தவணை வழக்கம்போலத் தொடரும். செங்கா கடிதத்தைப் பென்குவின் காந்தத்தின் கீழ் வைத்துவிட்டு, முன்னறை ஹீட்டரின் குமிழை நான்கிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினாள். தவணை போக மீதியில் ஒன்றுதான் கட்டுபடியாகும்.

டூகல் வீட்டுக்கு வந்துவிட்டான். மார்ச் மாதம் ஃபர்கர்சனும் மறுபடி வந்தார், இந்த முறை கேமராவோடு. முகமெல்லாம் மலர்ச்சி.

“தொண்ணூறிலிருந்து நாலு சதவீதம்! எங்க பட்டியல்லயே நீங்கதான் முதல். ஒரே சந்திப்புல இப்படி ஒரு நடத்தை மாற்றத்தை நான் பாத்ததில்ல. செய்தி மடல்ல முதல் பக்கம் போடுறோம்.”

“ஸ்டிக்கரை மாத்துனாங்க” என்றாள் செங்கா.

“அதேதாங்க. சின்னச் சின்ன மாற்றம்தான்” என்றார் ஃபர்கர்சன். அவர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். “அய்யா, கோட்டும் தொப்பியும் வேணாமே. வீடு கதகதப்பா இருக்கிறது தெரியணும்ல?”

கடிகாரத்தில் நான்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஹீட்டர் மதியமே ஆறிவிட்டது. ஃபர்கர்சன் போன தடவை சுவரில் மாட்டிவிட்டுப் போன வெப்பமானி அட்டையின் முள், நீலக் கட்டத்தில் எட்டு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டூகல் செங்காவைப் பார்த்தான். அவள் எழுந்து அவன் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டாள். அவன் சட்டையோடு பென்குவின் காந்தத்தை மார்புக்கு நேரே பிடித்தான்.

ஃபர்கர்சன் ஒரு படம் எடுத்துத் திரையைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“வாய்கிட்ட வெள்ளையா புகை மாதிரி விழுதே. பீடி சிகரெட்னு நினைச்சிருவாங்க. அய்யா, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கிறீங்களா? பத்து எண்ணுற வரைக்கும் போதும்.”

டூகல் மூச்சைப் பிடித்தான்.

“சிரிச்சாப்ல” என்றார் ஃபர்கர்சன்.

நான்கு எண்ணுவதற்குள்ளேயே அவன் உதடு நிறம் மாறத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே இருந்தான். செங்கா கோட்டை விரித்துப் பிடித்தபடி கேமராவுக்குத் தெரியாத பக்கமாக நின்றாள்.