கண்ணுக்கு நேரான தட்டு

சோப்புக்காரருக்குத் தன் சகலையைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இருவரும் கட்டியது அக்கா தங்கையை, செய்வது சோப்பு, சரக்குப் போடுவது ஊரையே வளைத்துப் போட்டிருக்கும் அந்த ஒரே பெரிய கடைக்கு. சகலையின் சோப்பு மட்டும் கண்ணுக்கு நேரான தட்டில் சட்டமாக உட்கார்ந்திருக்கும். இவருடையது அடித்தட்டில், தரை துடைக்கும் துணிகளுக்குப் பக்கத்தில். முட்டிவலி இல்லாதவர்கள்தான் அதை எடுக்க முடியும். விற்காமல் கிடப்பதைக் கடையிலேயே நசுக்கி, ‘உடைசல்’ என்று சொல்லி இவர் தலையிலேயே திருப்பிக் கட்டுவார்கள்.

“உன் தங்கச்சி வீட்டுக்காரர் என்னதான் மாயம் பண்றாரோ?” என்று மனைவியிடம் எரிந்து விழுவார்.

“அவரு சோப்பு நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?” என்பாள் அவள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தச் சகலைதான் ஒருநாள் சரக்குப் போடுகிறவர்களையெல்லாம் கூட்டிவைத்து, “இந்த உடைசல் அநியாயத்தை விடுற வரைக்கும் யாரும் சரக்கு அனுப்பக் கூடாது” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய தலைவர்னு நினைப்பு என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இவரும் ஆட்டினார்.

வாரம் திரும்புவதற்குள் கடை மேனேஜர் போன் செய்தார். “உங்க சகலை தட்டு காலியா கெடக்கு சார். சரக்கு அனுப்புங்க, அது உங்களுக்குத்தான்.”

மறுநாள் காலையிலேயே இவருடைய வேன் கடையின் பின்வாசலில் நின்றது. பாதிப் பெட்டிகள் இறங்கியதும் உள்ளே போய்ப் பார்த்தார். குனியாமலே தெரிந்தது தன் சோப்பு. வாயெல்லாம் பல்.

“ஆமா, சகலைக்கு உடைசல்ல நல்ல அடியோ?” என்று மேனேஜரிடம் ஆசையாகக் கேட்டார்.

“அவருக்கா? ஓடுற சரக்கை யாரு சார் நசுக்குவா? முதலாளியே அவரைக் கூப்பிட்டு, ‘உங்களுக்கு என்னதான் வேணும்’னு கேட்டாரு. ‘எங்க அண்ணன் சோப்பை நசுக்காதீங்க, அது போதும்’னுட்டாரு. உங்களைத்தான் சார்.”

சோப்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவன் துரோகம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே! இதிலும் அவனே முந்திக்கொண்டானே!

“மீதியை இறக்கவா, வண்டியைத் திருப்பவா?” உள்ளே வந்த டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன் திரும்பிவிடும். திரும்பினால் சகலை தோளில் கை போட்டு, “பரவால்லண்ணே, விடுங்க” என்பான். அந்த மன்னிப்பை நினைத்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இறக்குய்யா” என்றார்.