ஒரு ஆள் படகு

எனக்கு வலது தோள் எப்போதோ போய்விட்டது. பவானிசாகர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற வீடுகளில் ஆம்பளை வலையை இழுப்பான், பொண்டாட்டி துடுப்புப் போடுவாள். மீன் நிறைய விழுந்தால் பேர் அவனுக்கு, தைலம் எனக்கு. யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது!

ஒருநாள் காலையில் கையைத் தூக்கவே முடியவில்லை. "இனி என்னால ஆகாதுங்க" என்று அழுதுவிட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் மாசாணம் என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். கணபதியில் நரசிம்மலு என்பவர் ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தார். அங்கே படகும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

சுவரோரம் இரண்டு படகுகள் கிடந்தன. ஒன்று அகலமானது, இரண்டு பேர் உட்காரலாம். இன்னொன்று ஒடுங்கி நீண்டு, நடுவில் ஒரே ஒரு குழியோடு இருந்தது. அதைக் கயாக் என்றார் நரசிம்மலு. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்திலேயே போய்க் குந்திக்கொண்டார். அகலமானதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இதுல அம்மணிக்கு எடமில்லீங்களே?" என்றார் நரசிம்மலு.

"அவ ஊட்ல இருக்கட்டுமுங்க. ஒழைச்சது போதும்."

இதைத்தானே நான் கேட்டேன்? சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனுஷன் எனக்கு ஓய்வு கொடுக்கிறாரா, கழட்டி விடுகிறாரா?

"தூண்டிலுக்குத்தானுங்க இது லாயக்கு. வலையை இழுத்தா கவுந்துருமுங்க" என்று நரசிம்மலு எச்சரித்தார்.

"தூண்டிலா? அது வேலைவெட்டி இல்லாதவன் பொழுதுபோக்குங்க. பரிசல்ல இத்தன வருசமா வலை இழுக்கறேன். ஒருநாளாச்சும் கவுந்திருக்குதா?"

கயாக்கை விலை பேசி, டெம்போவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம்.

முதல் நாள் அவர் கயாக்கில் கிளம்பியபோது நான் கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். கயாக் பரிசல் மாதிரிச் சுற்றாமல் நேராகப் போனது. எனக்கே பொறாமையாக இருந்தது. முந்தின சாயங்காலம் போட்ட வலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இடதுபக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். படகு அப்படியே புரண்டது.

தலை ஒருமுறை தெரிந்து மறைந்தது. கால் வலையில் சிக்கிக்கொண்டது போல. அய்யோ, மாரியாத்தா! தோளாவது மண்ணாவது. கரையில் கிடந்த எங்கள் பரிசலைத் தண்ணீரில் தள்ளி ஏறினேன். எப்படித் துடுப்புப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் காலை விடுவித்துக்கொண்டு, கவிழ்ந்த படகைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பரிசல் விளிம்பைப் பற்றி ஏறினார். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டேன். பரிசல் அசையாமல் நின்றது. உள்ளே வந்து விழுந்தவர் இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எப்பவும் இப்பிடித்தான் சாய்வியா?"

"பின்ன? நீங்க அந்தப்பக்கம் குனிஞ்சா நான் இந்தப்பக்கம் சாயோணுமல்லங்க? இல்லாட்டி ரெண்டு பேரும் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்போம்."

"எனக்குத் தெரியவே தெரியாதே, புள்ள."

இத்தனை வருஷமும் இந்த உடம்பை அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் போட்டு முறித்திருக்கிறேன். அவர் என்னடாவென்றால் பரிசல் தானாக நிற்கிறது என்று நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் வலையை உதறிக்கொண்டே கேட்டார். "நாளைக்குப் பரிசல்ல வாரியா, செவ்வந்தி?"

அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. வலையைத் தூக்கிக்கொண்டு நடப்பார், நான் பின்னாலேயே போவேன், அவ்வளவுதான். மனசு இளகிப்போய் 'வாரேனுங்க' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் தோள் விண்ணென்று தெறித்தது.

"வல்லீங்க. நெசமாலுமே முடியலீங்க" என்றேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் வலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

"செரி. நான் தூண்டிலே போட்டுக்கறேன். நீ படுத்துக்க, கண்ணு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, விடிந்ததும் பரிசலில் ஏறியிருப்பேன்.