நல்ல சேதி

ஹரலாம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"போன வருஷம் இந்த இதயம் நொண்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பாருங்க, எப்படி அமுக்கித் தள்ளுதுன்னு. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கு. மாத்திரை பாதி, மீதி உங்க காலு செஞ்ச வேலை. நடையை விட்டுராதீங்க."

ருமேனியாவின் கலாட்ஸ் நகரத்துக் கப்பல் பட்டறையில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தே ஆயுசைக் கழித்தவர் அவர். மாரடைப்புக்குப் பிறகுதான் ஒழுங்காக நடக்கவே தொடங்கினார். ஆரம்பத்தில் டான்யூப் கரையில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும்; ஆற்றை ரசிப்பவர் போல நின்றுகொள்வார். மழையிலும் பனியிலும் அவரை வெளியே தள்ளியது மனைவி வியோரிகாவின் குரல்தான். இத்தாலியில், போலோன்யாவில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. தினமும் போனில் முதல் கேள்வியே, "என்னய்யா, நடந்தியா, இல்ல சோபாவுக்குக் காவல் இருந்தியா?" என்பதுதான்.

மாரடைப்பு என்றதும் ஓடி வந்தவள், திரும்பிப் போகும்போது பஸ் படியில் நின்று சொன்னாள்: "உனக்கு முடியலேன்னா ஒரு வார்த்தை சொல்லு. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடறேன்."

வீட்டுக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுமார்தான் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, அரைப்பொய். இந்த வாரக் கடைசியிலேயே வந்துவிடுவாள். இந்தச் சமையலறையில் அவள் இருமுவாள், அடுப்பைத் திட்டுவாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு." குரல் நடுங்கியது. அதைக் கேட்ட பிறகு அவருக்குப் பொய் வரவில்லை.

"நல்லாயிருக்காம். நல்லாவே இருக்காம்."

அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். "ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதான்யா படுக்கறேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்: "இங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. பெரியவரு வேற யாரு கையிலயும் சாப்பிட மாட்டேங்கறாரு. நீ சரியில்லேன்னா முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இப்ப... சரின்னுடவா?"

"அந்தக் கிழவன் என்னைவிட அழகா?"

"போய்யா."

"அங்கேயே இரு" என்றார். "அவருக்கு ஊட்டி விடு."

போனை வைத்துவிட்டு, சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மழை விட்டிருந்தது. ஆற்றோரமாக நடந்து, கரையின் உயரத்துக்குப் போகும் கல்படிகளில் ஏறினார். உச்சிக்கு வந்த பிறகுதான் உறைத்தது, எங்கேயும் நிற்கவே இல்லை. நெஞ்சு நிதானமாக, பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லத் திரும்பினார். ஈரப் படிகள் ஆறுவரை வெறிச்சோடிக் கிடந்தன.