ஐந்து தழும்புகள்

சொம்பு நிறையத் தண்ணீர் மொண்ட பச்சையம்மாள் சித்தி, அதை ஊற்றாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

வீட்டின் பின்பக்கத்தில் நான்கு பெண்கள் புடவைகளை உயர்த்திப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். நடுவில், பெஞ்சின்மேல் முத்தம்மாள் கிடந்தாள். வயது அறுபத்தொன்று. நேற்றுக் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆரணி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

முதல் தண்ணீர் பிறந்த வீட்டார் ஊற்ற வேண்டியது. அதற்கு இருப்பது தங்கை பச்சையம்மாள் ஒருத்திதான். தாலி இழந்தவள் சுமங்கலிக்கு முதல் தண்ணீர் ஊற்றலாமா என்று மறைப்புக்கு வெளியே ஒரு குரல் முணுமுணுத்தது. சித்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் குரல் வாயை மூடிக்கொண்டது.

அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த ஈஸ்வரி, சித்தியின் கண் போகிற இடத்தைக் கவனித்தாள். அது அம்மாவின் மார்புக்குக் கீழே, வயிற்றில், எதையோ தேடியது. என்ன தேடுகிறாள் என்று ஈஸ்வரிக்குத் தெரியும். தையலைத் தேடுகிறாள்.

காலையில் வந்து இறங்கியவள் பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஒப்பாரிக்கு நடுவிலேயே சொல்லிவிட்டாள். "கத்திய வெக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிகினேன். பொண்ணு பேச்ச கேட்டுகினு வயித்த கிழிச்சிகினா. இன்னிக்கி வாரிக் குடுத்துட்டு நிக்கிறோம்." தம்பி அன்புராஜ் ஏதோ பேச வாயெடுத்தான். ஈஸ்வரி அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

அழுத்தியது தம்பியின் கோபத்துக்காக மட்டுமல்ல. அதே கேள்வி அவளுக்குள்ளும் நேற்றிலிருந்து முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நான் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அம்மா இன்னும் நாலு வருடம் இருந்திருப்பாளோ?

ஆறு வருடம் முத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாய் போட்டால் நெஞ்சிலேயே நிற்கும். எழுந்து நின்று, தோளைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து, அது இறங்குகிறதா என்று காத்திருப்பாள். பாதி நாள் இறங்காது. கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவாள். தொக்கம் என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. பழைய சோறு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், எடுக்கத் தெரிந்தவர் எடுத்தால் சரியாகிவிடுமாம். வாரா வாரம் ஒருவரிடம் போனார்கள். அவர் வயிற்றை நீவி, குழலால் ஊதி, உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டுவார். அன்று ஒரு நாள் அம்மா நன்றாக இருப்பதுபோல இருக்கும். மூன்று வருடம் எடுத்த பருக்கைகளைச் சேர்த்திருந்தால் ஒரு படி அரிசியாவது தேறியிருக்கும். அம்மாதான் நாற்பது கிலோவுக்கு வந்து நின்றாள்.

ஈஸ்வரி எளாவூரில் வாழ்க்கைப்பட்டவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் பிரின்சிதான், கேட்டதும் சொன்னாள்: இது தொக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். உணவுக்குழாய் வயிற்றோடு சேருகிற இடத்தில் ஒரு தசை, கதவுபோல, இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறது என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஐந்து சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, அந்தத் தசையைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்திவிட்டால் போதும் என்றார்.

சித்திக்கு அது காதில் ஏறவில்லை. அவள் புருஷன் கோபால் குடல் ஆபரேஷனுக்குப் போய், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கோணி தைத்ததுபோலத் தைத்துக்கொண்டு வந்து, பத்தொன்பதாம் நாள் போய்ச்சேர்ந்தவர். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு அந்தத் தையல்தான். அக்கா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றோடு பேச்சை நிறுத்தினாள். பதினாலு மாதம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது சித்தி சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் ஓடி, உடம்பில் குழைத்துத் தேய்த்திருந்த சீயக்காய் வழிந்துபோயிற்று. அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். பிறகு வலது உள்ளங்கையால் அக்காவின் வயிற்றைத் துடைத்தாள். தொப்புளருகே ஒரு சின்னப் புள்ளி. விலாவுக்குக் கீழே இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அம்மை வடுக்கள்கூட அவற்றைவிடப் பெரியவை. சித்தியின் விரல் ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று போனது. வேலை முடிந்ததும், தான் கொண்டுவந்திருந்த கோடிப் புடவையை அவளே கட்டிவிட்டாள், கொசுவத்தைக்கூட ஒழுங்காக வைத்து.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. பெண்கள் வரிசையாக வந்து, சும்மா பேருக்கு நாலு மணியை உதட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஆறு வருடம் தண்ணீருக்கே தவித்தவளைப் பார்த்தவர்கள். வாய் நிறைய அரிசி போட அவர்களுக்குக் கை வரவில்லை. தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரியின் அப்பா, நைனா துளசிராமன், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்றிலிருந்து அவர் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. மெல்ல எழுந்தார்.

"நல்லா போடுங்கம்மா," என்றார். "பயப்படாம போடுங்க. அவளுக்கு இப்பல்லாம் எறங்கும்."

பந்தலில் யாரோ விசும்பினார்கள். ஈஸ்வரி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள். கை நிறைய அள்ளிப் போட்டாள்.

நைனா சொன்னது உண்மை. இந்தப் பதினாலு மாதத்தில் அம்மா சாப்பிடாததில்லை. கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் களி, கல்யாணங்களில் முதல் பந்தி. பதினாறு கிலோ ஏறினாள். ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது, அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாவதற்கு முந்தின ராத்திரிகூட மீன் குழம்பு இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் போன மாதம் பொன்னேரியில் நடந்த ஒரு கல்யாணத்திலிருந்து வந்தபோது அம்மா முகம் சரியில்லை. தூரத்துப் பந்தியில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாளாம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடாமலே எழுந்து, டம்ளரோடு மண்டபத்தின் பின்பக்கம் போனாளாம். தோளைப் பின்னுக்குத் தள்ளி நின்றாளாம். அவளுக்கும் அதேதான், என் பேச்சைக் கேட்கமாட்டாள், நீ எப்படியாவது அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று அம்மா சொன்னாள். ஈஸ்வரியும் சரி என்றாள். அதற்கு ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாள் இப்படியா வரவேண்டும்?

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லோரும் தலைமுழுகி வந்தபோது சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் ரசமும் அப்பளமும் வந்திருந்தன. வெயில் தணிந்திருந்தது. சித்தி ஒரு தட்டில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, யார் கூப்பிட்டும் நிற்காமல், துவைக்கிற கல்லுப் பக்கம் போனாள்.

ஈஸ்வரி பின்னாலேயே போனாள். சித்தி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கையில் டம்ளர். தோள் இரண்டும் பின்னுக்குப் போயிருந்தன. ஒரு நொடி, அம்மாதான் நிற்கிறாள் என்றே ஈஸ்வரிக்குத் தோன்றியது.

திரும்பாமலே சித்தி கேட்டாள். "அஞ்சுதானா?"

"இன்னா சித்தி?"

"தழும்பு. தண்ணி ஊத்தறப்போ எண்ணிப் பாத்தேன். அஞ்சுதான் கீது."

"அஞ்சுதான் சித்தி."

"உங்க சித்தப்பாக்கு முப்பத்திரண்டு தையலு. அதையும் நான்தான் எண்ணுனேன்."

பக்கத்து வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி டம்ளரைக் கல்லின்மேல் வைத்தாள். எனக்கு ஒரு வருடமாக, என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும் சித்தி. பொன்னேரி கல்யாணத்துல அம்மா பாத்துட்டா."

"பாத்துட்டு ஒரு வார்த்த பேசாம வந்துட்டாளா?"

"நீதான அவகிட்ட பேசமாட்டேன்னுட்ட."

காலையிலிருந்து ஊர் கேட்க ஒப்பாரி வைத்தவள், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதாள். ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் பந்தலில் பேசியதைப் பற்றிச் சித்தி ஏதோ சொல்லவந்தாள்; விடு சித்தி என்று ஈஸ்வரி தடுத்துவிட்டாள். நேற்றிலிருந்து குத்திய அந்த முள் எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நைனா எழுந்து நின்றபோதே விழுந்திருக்கலாம்.

எந்தக் கிழமையில் அந்த டாக்டர் இருப்பார் என்று சித்தி விசாரித்தாள். செவ்வாய் என்றாள் ஈஸ்வரி. இழவு வீட்டுக்காரர்கள் காரியம் முடிகிறவரைக்கும் எங்கேயும் கிளம்பக் கூடாதே என்று சித்தி இழுத்தாள்.

"வர்ற செவ்வாக்கெழமயே போலாம். அம்மா ஒண்ணும் கோச்சிக்கமாட்டா."

சித்தி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்தாள்.

"ஆபரேசன் முடிஞ்சி மொத மொத இன்னாடி சாப்ட்டா?"

"மொதல்ல கஞ்சித்தண்ணிதான். மூணாம் நாளு ரசம் சோறு, நல்லா கொழச்சி. நான்தான் பெசஞ்சி குடுத்தேன். ஒரு வாய் முழுங்கிட்டு, நிக்கும் நிக்கும்னு காத்துகினே இருந்தா. நிக்கல. அப்புறம் என் கைய பாத்தா, அடுத்த வாய் எங்கன்ற மாதிரி."

சித்தி தன் தட்டை எடுத்து ஈஸ்வரியின் மடியருகே தள்ளினாள். ஈஸ்வரி உள்ளே போய் ரசக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். சோற்றில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றி, ஒரு பருக்கைகூட முழுசாக நிற்காதபடி, மெதுவாகப் பிசைய ஆரம்பித்தாள்.