கொண்டை ஊசி வளைவுக்கு எந்த சூப்பர்சார்ஜர்

வாரம் முழுக்கப் பால் டேங்கர் லாரி ஓட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமையாவது ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுப்பாள் என்று பார்த்தால், அன்றுதான் பந்தயக் காரை வெளியே எடுப்பாள். மலைப்பாதையில் ஒவ்வொரு காராக ஏறவிட்டு நேரம் பார்க்கும் பந்தயம் அது. திருப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால், அந்தக் கார் சோம்பல் முறித்துவிட்டுத்தான் கிளம்பும். கிடைக்க வேண்டிய பரிசு ஒவ்வொரு வருடமும் அந்தச் சோம்பலில்தான் போனது.

சூப்பர்சார்ஜர் வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவானது. இன்ஜின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, பெல்ட்டில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிற கருவி. வைப்பதில் சண்டையில்லை. எந்த வகை என்பதில்தான் அவள் கணவனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள்.

தம்பி மெக்கானிக். சத்தம் போடாத வண்டியை வண்டியாகவே மதிக்காததால் தெருவில் அவனுக்கு 'வெடி' என்று பெயர். பழைய இரும்புக் கடையில் ரூட்ஸ் என்கிற வகை சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பிடித்துவந்து, கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்தான். கணவன் லேத் பட்டறைக்காரன். அவனுக்கு விசிறிபோல் சுழலும் சென்ட்ரிஃப்யூகல் வகைதான் உசத்தி.

"மாமா, உங்களுது இன்ஜின் நல்லா சுத்துன பிறகுதான் வேலையே செய்யும். என்னுது மிதிச்ச உடனே தள்ளும்," என்றான் வெடி.

"தள்ளும் மச்சான். கூடவே காத்தை அடுப்புல வெச்ச மாதிரி சூடாக்கும். சூடான காத்துல என்ன பலம் இருக்கு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "ரெண்டையும் மாட்டுங்க. ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

முதலில் ரூட்ஸ். ஒரு தடவை ஏறியபோது கார் பறந்தது. வெடி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மறுபடி மறுபடி ஏறியதும் இன்ஜின் சூடேறி மூச்சு வாங்கியது. வெயில்தான் காரணம் என்று அவன் சாதித்தான். வானம் மூடியிருந்தது.

அடுத்தது, நண்பரிடம் இரவல் வாங்கிய சென்ட்ரிஃப்யூகல். சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு இன்ஜின் பலத்தை அளக்கும் கடையில், ரூட்ஸைவிட எவ்வளவோ அதிகமாகக் காட்டியது. கணவனின் கை தானாக மீசைக்குப் போனது. அவள் மட்டும், "எத்தனை ஆர்.பி.எம்.ல இந்த பலம்?" என்று கேட்டாள்.

இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் படமெடுக்கும்படி கைபேசியைப் பொருத்தி மலையேறினாள். சாயங்காலம் மூவரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"பாருங்க, முள்ளு உச்சிக்குப் போனது இந்த ஒரு நேர் ரோட்டுல மட்டும்தான். மத்த இடமெல்லாம் பாதியிலயே கிடக்கு. உங்க சார்ஜர் பெரிய மனுஷன்தான். ஆனா அவர் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுது."

வெடி சிரித்தான்.

"நீ சிரிக்காத. உன்னுது நடு மலையில காலை வாரிடுச்சு."

பிறகு தன் முடிவைச் சொன்னாள்: ட்வின் ஸ்க்ரூ. ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு திருகுகள், காற்றைத் தமக்குள்ளேயே அழுத்தி அனுப்பும். மிதித்த உடனே தள்ளும். ரூட்ஸ் அளவுக்குச் சூடும் ஏறாது.

"அக்கா, அது இன்ஜின் தலைமேல உக்காரும். பானெட் மூடாது."

"வெட்டுங்க."

பானெட்டில் ஓட்டை போட்டது கணவன்தான். அளந்து, கோடு போட்டு, அறுத்து, விளிம்பை விரல் கிழிக்காதபடி மடித்துவிட்டான். ஆனால் சோதனை ஓட்டத்தில் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிட்டது. நான் அப்பவே சொன்னேன் என்று மாமா ஆரம்பிக்கப்போகிறார் என வெடி காத்திருந்தான்.

"அவ கேட்டது சரியாத்தான் இருக்கு," என்றான் கணவன். "வழுக்குறது பெல்ட்டு. அதுக்கு நான் பொறுப்பு."

அன்றே லேத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் புல்லி கடைந்தான். அது பக்கவாட்டில் அழுத்தியதும், பெல்ட் சார்ஜரின் புல்லியை இன்னும் நன்றாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அதன்பின் சத்தமே இல்லை. வெடிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பந்தயத்தில் மூன்று முறை ஏற வேண்டும். மூன்று நேரத்தையும் கூட்டுவார்கள். கணவனும் வெடியும் கடைசி கொண்டை ஊசி வளைவில் நின்றார்கள். மற்ற கார்கள் வளைந்து, தயங்கி, பிறகு உறுமின. அவளுடைய கார் வளைந்த கையோடு பிடரியில் தட்டினாற்போல் பாய்ந்தது. மூன்றாம் முறையும் அதே பாய்ச்சல். இருவரும் உச்சிக்கு ஓடிவந்தபோது, அங்கிருந்த பலகையில் அவள் பெயர் முதலில் ஏறியிருந்தது.

போன வருடம் ஜெயித்தவர் பானெட் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் வந்தார். "இந்த வகைதான்னு முடிவு பண்ணது நீங்களா?"

"நானா? என் பேச்சைக் கேட்டிருந்தா இந்த வருஷமும் கைதட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்போம். எல்லாம் என் சம்சாரம்," என்றான், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், "உள்ள உக்காருங்க சார். கீழ வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன்," என்றாள்.

காரில் இருந்ததே இரண்டு சீட். கணவனும் வெடியும் மலையை நடந்தே இறங்கினார்கள். எதிரே ஏறி வந்தவர்களையெல்லாம் கணவன் நிறுத்தி, ஜெயித்தது யார் தெரியுமா என்று விசாரித்தான். தெரியும் என்று சொன்னவர்களுக்கும் இன்னொரு தடவை சொன்னான்.