எட்டடி பேனர்

அம்மாவின் பாதத்தில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள் சங்கீதா. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கிழவி ஒருத்தி நேராக அவளிடம் வந்து தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“சின்னப்புள்ள போயிட்டாளே சாமி! ஆடுன காலு அடங்கிருச்சே!”

“போனது எங்கம்மாங்க. தங்கச்சி மெல்போர்ன்ல நல்லாத்தான் இருக்குதுங்க.”

கிழவி திகைத்து ரோட்டைக் காட்டினாள். மஞ்சள் கையோடு எழுந்துபோய்ப் பார்த்தாள் சங்கீதா.

‘கண்ணீர் அஞ்சலி’ என்று எட்டடி பேனர். நடுவில் தங்கை கோகிலவாணி, நெற்றிச்சுட்டியும் மை தீட்டிய கண்ணுமாக, ஒரு காலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘ஆஸ்திரேலியா புகழ் நாட்டியத் தாரகையின் தாயார்’ என்ற வரிக்குக் கீழே தாய்மாமன் ராசப்பனும் படத்தில் கைகூப்பியிருந்தார். மூலையில், ரேஷன் கார்டிலிருந்து எடுத்த அம்மா மாதம்மாளின் முகம், உள்ளங்கை அகலத்துக்கு. யாரோ கோகிலவாணிக்கு மாலை வேறு போட்டிருந்தார்கள்.

“ஏனுங் மாமா, செத்தது யாருங்க?” பேனரடியில் நின்ற ராசப்பனிடம் கேட்டாள்.

“சேந்தமங்கலத்துல நின்னு அடிச்சு வாங்கியாந்தேன் கண்ணு. மாதம்மான்னா யாருக்குத் தெரியும்? ஆஸ்திரேலியாக்காரி அம்மான்னாத்தான் கூட்டம் வரும்.”

சங்கீதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பொட்டப்புள்ளய ஆட விட்டா இந்த ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்னது நீங்கதானுங்களே? ஒம்பது வருசம் மிதிக்கலீங்களே! சனிக்கெழமையானா மலை பஸ்ஸுல எழுவது வளைவும் வாந்தியெடுத்துக்கிட்டே எறங்கி, டான்ஸ் டீச்சர் ஊட்டு வாசல்ல உக்காந்திருந்தது யாருங்க? அவளயா மூலையில போட்டீங்க?”

“சாவூட்டுல சத்தம் போடாத கண்ணு.”

“சாவு ஊட்டுக்குள்ளங்க. இங்க கலியாணமல்ல நடக்குது!”

போன் அடித்தது. கோகிலவாணிதான். இன்றே கிளம்பினாலும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. வீடியோவில் அவளுக்குப் பின்னால் யார் யாரோ சலங்கை கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கீதா பேனரைக் காட்டினாள்.

“என்னக்கா இது? எட்டுப் பேர்ல நான் பின்வரிசை. நோட்டீஸ்ல எம்பேரு கடைசி வரி. எனக்கெங்க புகழு?” என்றவள், சற்று நிறுத்திக் கேட்டாள். “அம்மா எங்கக்கா?”

சங்கீதா போனைப் பேனரின் மூலைக்குக் கொண்டுபோனாள். கோகிலவாணி திரையை ஒட்டி வந்து உற்றுப் பார்த்தாள்.

“அறுத்துரு அக்கா.”

சங்கீதா கொடுவாளை எடுத்துவந்தாள். யாரும் தடுக்கவில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்தெடுத்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் முள்ளால் குத்தினாள். மாலையைக் கழற்றி அதன்மேல் மாட்டினாள். மீதியை மடித்து ராசப்பனின் காலடியில் வைத்தாள்.

“உங்க படம் கசங்கலீங்க மாமா. எடுத்துக்கிட்டுப் போங்க.”

அடுத்த பஸ் வந்து நின்றது. மலையின் அடுத்த பக்கத்துப் பைல் நாட்டு ஊர்களிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். தூரத்திலிருந்து அந்த முகம் தெரியவில்லை. ஒவ்வொருவராக மரத்தருகே வந்து குனிந்து பார்த்தார்கள். மாதம்மாளின் கன்னத்தில் மஞ்சள் விரல்தடம் ஒன்று பதிந்திருந்தது.