கொஜோவின் சட்டை நனைந்த நேரங்கள்

கொஜோ அம்பொஃபோ ஆண்மை ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த மூன்றாவது வாரம், அவன் குடியிருந்த வீட்டுப் பெட்டைக் கோழிகள் எட்டும் விடியற்காலையில் சேவலாகக் கூவின. எங்கள் ஊர் அபோமாவில் அந்த மாதம் முட்டை விலை ஏறியதற்கு இதைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எட்டுக் கோழியால் ஒரு ஊரின் விலை ஏறாது. ஆனால் கூவியது உண்மை. அந்த வீட்டில் முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குளியலறை. கொஜோ குளித்த தண்ணீர் முற்றத்துச் சாக்கடை வழியாகப் பப்பாளி மரத்தடிக்குப் போகும். கூடை கூடையாகக் காய்த்த அந்த மரம் காய்ப்பதை நிறுத்திவிட்டு, ஆண் மரத்தைப்போல வெறும் பூச்சரத்தைத் தொங்கவிட்டது. பெட்டை ஆடு கிடா வாடை வீசிக்கொண்டு சுவரை முட்டியது. வீட்டுக்காரி யாபாம்மாவுக்கு அறுபது வயதில் கரிக்கோடு இழுத்ததுபோல மீசை அரும்பியது.

“ஏன்டா கொஜோ, இந்த மீசையோட நான் சர்ச்சுக்குப் போனா எவன்டா என்னைத் திரும்பிப் பாப்பான்?” என்று அவள் முற்றத்தில் நின்று கத்தினாள்.

“இப்ப மட்டும் வரிசையா நிக்கிறானுங்களாக்கும்!” என்றான் கொஜோ. ஒன்பது குடித்தனமும் சிரித்தது. யாபாம்மாவும் சிரித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையிலிருந்து சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தாள்.

ஊசிக்கு முன்பு கொஜோ லாரி நிலையத்தில் பஞ்சர் ஒட்டுகிற ஒல்லியான ஆள். மனைவி அராபா மாவு உருண்டை பொரித்து விற்பாள். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் புதிதாகப் பார்க்கிற மனிதனிடம் சுகம் விசாரித்த கையோடு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அதற்குமேல் அவனோடு பேச ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை தவறாமல் ஊரில் ஒரு சாவு விசேஷம் இருக்கும், சிவப்பும் கறுப்பும் உடுத்திக்கொண்டு எல்லாரும் போவோம். அப்படி ஒரு விசேஷத்தில், நானூறு பேர் எதிரில், அவனுடைய தாய்மாமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இவன் கால்சட்டைய உதறிப் பாருங்க, ஒண்ணும் விழாது” என்றார். அராபா தலையைக் குனிந்துகொண்டாள். திங்கட்கிழமை கொஜோ மருந்துக்கடைக்குப் போனான்.

கடைக்காரன் எண்ணெய் போன்ற மருந்தைக் காட்டி, “டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளைய ஆம்பளையாக்குற சரக்கு. ஆறே மாசத்துல உம் பொண்டாட்டி வாந்தி எடுப்பா” என்றான். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆண்மை வேறு, பிள்ளை வேறு என்று எங்கள் ஊரில் யாரும் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆறே மாதத்தில் கொஜோ வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி லாரி அச்சில் கோர்த்த எடையை ஒற்றைக் கையால் தூக்கினான். குரல் தரைக்குள்ளிருந்து வருவதுபோல இறங்கியது, அவன் பேசினால் முற்றத்தில் கவிழ்த்த பாத்திரங்கள் அதிர்ந்தன. தாய்மாமன் அவனைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நிலத் தகராறில் கூலிக்குக் காவல் நிற்கவும் சுவர் இடிக்கவும் போகிற மாச்சோ என்ற அடியாள் கும்பல் அவனைத் தேடி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரே மனையை மூன்று பேருக்கு விற்பது சாதாரணம். யார் முதலில் சுவர் எழுப்பிக் குடிவருகிறார்களோ அவர்கள் கை ஓங்கும். அதனால் வாங்கியவர்கள் கூரைகூட இல்லாத அறையில் பாயைப் போட்டுப் படுப்பார்கள், மற்றவர்கள் மாச்சோக்களை அனுப்பிச் சுவரைச் சாய்ப்பார்கள். மற்ற மாச்சோக்களுக்குச் சம்மட்டி வேண்டும். கொஜோவுக்குத் தோளே போதும்.

பிள்ளை மட்டும் வரவில்லை. அராபாவுக்கு மாதவிலக்கு நின்றது. முற்றமே பாடி ஆடியது. அவளுக்கு முகவாயில் முடி முளைத்தபோதுதான், பெட்டைக் கோழிக்கு வந்தது இவளுக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அவள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோதனை முடிந்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வெளியில இருந்து சரக்கு வந்து குவியுதுன்னா உடம்பு தன் பட்டறையை மூடிடும். உங்க விதை ரெண்டும் சுருங்கிப்போச்சு. விந்துல ஒரு உயிர்கூட இல்ல. முன்னாடி கொஞ்சமாவது இருந்திருக்கும். ஊசிய நிறுத்துங்க. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, திரும்பினாலும் திரும்பும்.”

கொஜோ நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான்காம் நாளே தாய்மாமன் நாற்காலியைக் கொடுப்பது நின்றுவிடுமோ என்று பயந்தான். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாங்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்த பயம் அது. அராபா எண்ணெய்ச் சட்டியையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டாள். “நான் கேட்டது ஒரு புள்ளை. நீ எனக்கு ஒரு சுவத்தைக் கட்டிக் குடுத்திருக்க” என்று, அவளுக்கு வந்திருந்த கட்டைக் குரலில் சொல்லிவிட்டுப் போனாள். துறைமுக ஊரான தக்கோராடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் முகத்தில் முடி உதிர்ந்துவிட்டது என்றும், பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றாள் என்றும் லாரிக்காரர்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கும்பல் புது மனைப் பகுதிக்குப் போனது. அனுப்பியவர் காரை விட்டு இறங்கவில்லை. கூரை போடாத ஒற்றை அறை, கொடியில் துணி இல்லை, அடுப்பில் சாம்பல் ஈரம். ஆள் இல்லை என்று தலைவன் சொன்னான். கொஜோ தோளைக் கொடுத்தான். மழைக்காகத் துணியையெல்லாம் உள்ளே ஒரு தார்ப்பாய்க்கு அடியில் எடுத்துவைத்துவிட்டு, விதவையான மான்சா என்ற பெண் அந்தச் சுவர் ஓரமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம்கூடப் போடாமல் செத்துப்போனாள். கும்பல் ஓடியது. கொஜோவும் ஓடியிருப்பான், ஆனால் இடிபாட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கவிழ்ந்து கிடந்த ஒரு துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை கீறல் இல்லாமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய், தான்தான் தள்ளினேன் என்று சொன்னான்.

குழந்தையை மான்சாவின் அண்ணன் கோபினா வந்து வாங்கிக்கொண்டு போனான். தச்சுவேலை செய்கிறவன், குழந்தைக்குத் தாய்மாமன், எங்கள் வழக்கப்படி அவனுக்குத்தான் உரிமை. கொஜோவைக் கொட்டடியில் அடைத்தார்கள். மூன்றாம் நாள் அவனுடைய மார்பு இரண்டும் கல்லாகி வலித்தன. அளவுக்கு மீறி ஊசி போட்ட ஆண்களுக்குக் கொஞ்சம் மார்பு வைப்பது உண்டு, மாச்சோக்கள் அதை மறைக்க இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் இது பால். முதலில் சொட்டு, பிறகு சட்டை முழுக்க. பகலில் ஐந்து முறை, ராத்திரியில் மூன்று முறை நனைந்தது. சந்தையிலிருந்த பூனைகள் கொட்டடி ஜன்னலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மற்ற கைதிகள் இடம் மாற்றக் கேட்டார்கள்.

சார்ஜன்ட் டெடே நாலு பிள்ளை பெற்றவள். ஒரு நாள் முழுக்க அவன் சட்டை நனைந்த நேரங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, கோபினாவின் பக்கத்து வீட்டுக்காரியிடம் குழந்தை அழுத நேரங்களைக் கேட்டாள். இரண்டு மைல் இடைவெளி, ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. குழந்தை டப்பாப்பால் குடித்தால் கக்கியது, கஞ்சித்தண்ணி குடித்தாலும் கக்கியது. கண் குழி விழுந்துவிட்டது. டெடே அன்றைக்கே அவனுக்கு விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினாள்.

கோபினா வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்றான். “இவன இங்க ஏன் கொண்டாந்தீங்க? என் தங்கச்சி மண்ணு இன்னும் காயல.”

“வெட்டறதுன்னா வெட்டு, தடுக்க மாட்டேன்,” என்றாள் டெடே. “ஆனா முதல்ல புள்ளைக்குப் பசி ஆறட்டும்.”

கொஜோ தரையில் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தானை டெடேதான் கழற்றினாள், விலங்கைக் கழற்றவில்லை. குழந்தை ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கவ்விக்கொண்டது. சுவர்களைச் சாய்த்த ஆள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அசையாமல், மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டான். குழந்தை அரை மணி நேரம் குடித்தது. கோபினா கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதான், அந்த அழுகையில் மன்னிப்பு இல்லை. பிறகு சொன்னான்: “குடு. ஆனா ஒண்ணு. இவளுக்கு ஏழு வயசு ஆனதும் நீ யாருன்னு நானே சொல்லுவேன்.”

“சொல்லுங்கண்ணே,” என்றான் கொஜோ.

வழக்கு நடந்தது, இன்னும் நடக்கிறது. காரில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் அதில் இல்லை. நீதிபதி, குழந்தைக்குப் பால் நிற்கிறவரை என்று கொஜோவை வெளியே விட்டார். ஊசி நின்றது. உடம்பு சந்தைச் சுமை தூக்குகிற அளவுக்கு வற்றியது, கோழிகள் மறுபடி முட்டையிட்டன, யாபாம்மாவின் மீசை மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகளை எடை போடுகிற நாளில் தாய்மார்களின் பெஞ்சில் அவனும் உட்காருவான். நர்ஸ் அவன் சட்டையை நீக்கிப் பார்த்து, “ஒரே பக்கமா குடுக்காதய்யா, கட்டிக்கும். மாத்தி மாத்திக் குடு” என்று திட்டினாள். மாச்சோக்கள் ரோட்டில் அவனைப் பார்த்து மாடுபோலக் கத்துவார்கள். அவன் நின்று கேட்டுவிட்டுப் போவான். அவனுடைய தாய்மாமன் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு எஃபுவா என்று பெயர், பேச ஆரம்பித்தபோது அவனை அம்மா என்று கூப்பிட்டாள். கோபினா அதைத் திருத்தவில்லை.

எஃபுவா பால் மறந்த பிறகும் அவள் அழுதால் அவன் சட்டை நனைவது நிற்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்தாலும், பென்சிலைத் தொலைத்தாலும், அவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவான். ஈர மார்போடு அவன் ஓடிவருவதைக் கண்டால் சந்தைப் பெண்கள், “வழி விடுங்க, புள்ளை அழுவுது” என்று கூடைகளை நகர்த்துவார்கள். வருடா வருடம் நீதிபதிக்கு எழுதிய காகிதத்தில் டெடே, பால் இன்னும் நிற்கவில்லை என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் பிறந்தநாளுக்கு மறுநாள் கோபினா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எஃபுவா கேட்டுவிட்டு எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் கொஜோவைப் பார்த்தபோது அம்மா என்று கூப்பிடாமல் கடந்து போனாள். அவன் அன்று முழுக்கச் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாளும் காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் அவன் மூட்டை தூக்கவில்லை, சந்தை நடுவில் சும்மா நின்றான். மீன்காரிகள் அவனைக் கேட்கப் பயந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை இன்னும் அழவில்லையே என்று நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பக்கமே காதை வைத்திருந்தோம்.

நாலாம் நாள் மத்தியானம் நனைந்தது. சட்டை மட்டுமல்ல, கால்சட்டை வரைக்கும். “வழி விடுங்க!” என்று யாரோ கத்த, சந்தை இரண்டாகப் பிரிந்தது. எஃபுவா பள்ளிக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“நீ எதுக்கு வந்த?” என்றாள்.

“நீ அழுத.”

அவன் இரண்டு படி கீழே தள்ளி உட்கார்ந்தான். அவள் அவனைப் போகச் சொல்லவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போன பிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, எஃபுவா வகுப்புக்கு வந்ததாகவே பதிந்துகொண்டு, பாடத்தை ஆரம்பித்தாள்.